பத்தாம்பசலி

சென்ற மாதம் என் மகள் என்னைப் பத்தாம்பசலி என்று சொன்னாள்.

குற்றம் என்னுடையதுதான். கடைத்தெருவுக்குப் போய்வரச் சொன்னார்கள். வாங்க வேண்டிய சாமான்களை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். "போனில் எழுதிக்கொள்ளக் கூடாதா, அப்பா? சுத்தப் பத்தாம்பசலி நீங்கள்!" என்றாள். பதினைந்து வயதுப் பெண்ணுக்கு இந்த வார்த்தை எங்கே கிடைத்தது என்று கேட்காதீர்கள். அவளுடைய தாயார் அதை அடிக்கடி பிரயோகிப்பது உண்டு. யாரைக் குறித்து என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் கடைத்தெரு வரைக்கும் அந்த வார்த்தை என்னுடன் கூடவே நடந்து வந்தது. இருபத்தெட்டு வருஷங்களுக்கு முன்னால் அதே வார்த்தையை நான் என் தகப்பனாரைப் பார்த்துச் சொல்லியிருக்கிறேன். என் மகளாவது வீட்டுக்குள் சொன்னாள். நான் நாலு பேர் முன்னிலையில் சொன்னேன்.

என் தகப்பனார் திருவண்ணாமலைக்கு மேற்கே ஒரு கிராமத்தில் கர்ணமாக இருந்தவர். கர்ணம் என்றதும் கவச குண்டலத்துடன் ஒரு மகாவீரனை நினைத்துக்கொள்ள வேண்டாம். ஊரில் எந்தச் சர்வே நம்பரில் யார் என்ன பயிர் வைத்தார், தீர்வை எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்று அடங்கலும் சிட்டாவும் எழுதி வைக்கிற கிராமக் கணக்கர் அவர். தாத்தா எழுதினார், அவருக்குப் பிறகு அப்பா எழுதினார். 1980 நவம்பரில் தமிழக அரசு பரம்பரைக் கிராம அதிகாரிகளின் பதவிகளை ஒழித்தது. பிறப்பால் பதவி வருவது சரியல்ல என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த நவம்பரில் நான் மூன்று மாதக் குழந்தை. வீட்டுக்கு வந்துகொண்டிருந்த ஒரே சம்பளம் நின்றுபோயிற்று. பிறகு அவர் ஒரு தாலுகா கச்சேரி வாசலில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, குடியானவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்துப் பிழைத்தார்.

பதவி போய்விட்டது, பசலி போகவில்லை. எங்கள் வீட்டில் ஆங்கில வருஷம் காலண்டரில் இருந்தது; தமிழ் வருஷம் பாட்டியிடம் இருந்தது; பசலி அப்பாவிடம் இருந்தது. கிணறு வெட்டியது 1377-ஆம் பசலி. பாட்டிக்குக் கண் மங்கியது 1395. நான் பிறந்ததும் அவருக்கு வேலை போனதும் ஒரே பசலி, 1390. இதை அவர் குறையாகச் சொன்னது கிடையாது, கணக்காகத்தான் சொல்வார்.

காலேஜில் முதல் வருஷம் படிக்கும்போது, ஒரு பௌர்ணமியன்று கிரிவலத்துக்காக என் சிநேகிதர்கள் நாலு பேர் வந்திருந்தார்கள். புறப்படுவதற்கு முன் வீட்டில் காப்பி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அப்பா தாலுகா கச்சேரியிலிருந்து திரும்பி வந்தார். மைக்கறை படிந்த சட்டை. கக்கத்தில் மனுக் காகிதக் கட்டு. நண்பர்களில் ஒருவனைப் பார்த்து, பிரியமாகத்தான், "தம்பி எந்தப் பசலியில் பிறந்தது?" என்று கேட்டார். அவன் விழித்தான். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "விட்டுத் தள்ளுங்கடா. எங்க அப்பா ஒரு பத்தாம்பசலி!" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். காகிதக் கட்டைப் பரண்மேல் வைத்துவிட்டு, "பத்தாம் பசலி அடங்கலை நான் பார்த்ததே இல்லையேடா. உன்கிட்ட இருந்தா கொண்டா, பார்ப்போம்" என்றார்.

ஏதோ சமாளிக்கிறார் என்று நினைத்தேன். அவர் சொன்னது அட்சரம் பிசகாத உண்மை என்று தெரிந்துகொள்ள எனக்கு இருபது வருஷங்களுக்கு மேல் ஆயிற்று.

பசலி என்பது 'பஸ்ல்' என்ற அரபுச் சொல்லின் வழியில் வந்தது. பஸ்ல் என்றால் பருவம், பருவத்தில் விளைகிற பயிர். ஆகவே பசலி வருஷம் என்றால் பயிர் வருஷம். இப்படி ஒரு வருஷம் எதற்காகத் தேவைப்பட்டது என்பதைத் திருவண்ணாமலைக்காரர்களுக்கு விளக்குவது சுலபம். இங்கே மாதந்தோறும் பௌர்ணமிக்குப் பதினாலு கிலோமீட்டர் மலையைச் சுற்றுகிறார்கள் அல்லவா? ஒரு பௌர்ணமியில் ஆரம்பித்துப் பன்னிரண்டு பௌர்ணமி போய்விட்டால் ஆகிற நாள் 354. சூரிய வருஷம் முடிவதற்கு இன்னும் பதினோரு நாள் பாக்கி இருக்கும்.

முஸ்லிம்களின் ஹிஜ்ரி வருஷம் இந்தச் சந்திர வருஷந்தான். தொழுகைக்கும் நோன்புக்கும் அதில் ஒரு குறையும் இல்லை. சர்க்கார் அதை வைத்து நிலவரி வசூலிக்கத் தொடங்கினால்தான் சங்கடம். வருஷப் பிறப்பு ஆண்டுக்குப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே வரும். இன்றைக்கு அறுவடைக்குப் பின் வருகிற தவணை, சில வருஷங்களில் கதிர் பால் பிடிக்கும்போதே வந்து நிற்கும். இன்னும் சில வருஷங்களில் நாற்று நடும்போதே வந்துவிடும். அத்துடன் போகாது. முப்பத்திரண்டு சூரிய வருஷத்தில் முப்பத்துமூன்று சந்திர வருஷம் ஓடிவிடுகிறது. முப்பத்திரண்டு தடவை விளைந்த நிலத்துக்கு முப்பத்துமூன்று தடவை வரி! குடியானவன் எங்கே போவான்?

இந்த அநியாயத்தைத் தீர்க்க அக்பர் காலத்தில் ஒரு யுக்தி செய்தார்கள். அக்பர் பட்டத்துக்கு வந்த 1556-இல் ஹிஜ்ரி 963 நடந்துகொண்டிருந்தது. அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டு, அதிலிருந்து மேலே சூரியனை வைத்து எண்ணத் தொடங்கினார்கள். இலக்கம் பழையது, நடை புதியது. வட தேசத்துப் பசலி இப்படித்தான் பிறந்தது. தக்காணத்தில் ஷாஜஹான் 1636-இல் இதே காரியத்தைச் செய்தபோது ஹிஜ்ரி 1046. ஆகவே அங்கே எண்ணிக்கை 1046-லிருந்து நடந்தது. நமது தமிழ்நாட்டுப் பசலி இந்தத் தக்காணத்துப் பசலியின் வழி வந்தது. அதனால்தான் ஆங்கில வருஷத்தில் 590-ஐக் கழித்தால் பசலி வருகிறது. ஜூலைக்கு முந்திய மாதங்களானால் 591-ஐக் கழிக்க வேண்டும்.

வாசகர்கள் இங்கே சற்று நிற்க வேண்டும். பசலி பிறக்கும்போதே அதற்கு வயது வடக்கே 963, தெற்கே 1046. ஒன்றாம் பசலி என்று ஒன்று நடக்கவே இல்லை. பத்தாம் பசலியும் அப்படியே. அந்தப் பசலியில் ஒருவரும் விதைக்கவில்லை, அறுக்கவில்லை, தீர்வை கட்டவில்லை. அந்தப் பசலிக்கு எந்தக் கர்ணமும் அடங்கல் எழுதியது கிடையாது.

பிடிவாதமாகப் பின்னோக்கி எண்ணிக்கொண்டே போனால் என்ன ஆகும்? நம் கணக்குப்படி பத்தாம் பசலி கி.பி. 600-இல் தொடங்க வேண்டும். ஹிஜ்ரி சகாப்தத்தின் ஆரம்பமோ 622. அதாவது, மகன் பத்து வயதுப் பையனாக ஓடிக்கொண்டிருக்கிறான். தகப்பன் பிறக்க இன்னும் இருபத்திரண்டு வருஷம் இருக்கிறது! இப்படி ஒரு காலத்தைச் சேர்ந்தவர் என்றுதான் நாம் ஒருவரைப் பார்த்துச் சொல்லிச் சிரிக்கிறோம்.

வேடிக்கை இதோடு முடியவில்லை. பசலி அதன் காலத்தில் பழமையா? வருஷக் கணக்கை ராஜாவின் சௌகரியத்துக்காக அல்லாமல், பயிர் விளைகிற நாளைப் பார்த்துத் திருத்தி அமைத்தது அது. அந்த நாளில் அதைவிடப் புது நாகரிகம் வேறு என்ன இருந்திருக்கும்? பழைய முறையில் ஊறிய எத்தனையோ குமாஸ்தாக்கள் "இதென்ன புதுப் பசலி?" என்று முகத்தைச் சுளித்திருப்பார்கள். ஒரு சீர்திருத்தத்தின் பெயர், கொஞ்சம் காலம் போனதும், சீர்திருந்தாதவர்களுக்குப் பட்டப் பெயராகிவிட்டது.

அந்தப் பசலி நம்முடைய ஊர்ப் பக்கம் வந்த பாதையும் அதிக தூரமில்லை. இங்கிருந்து கிழக்கே ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டரில் செஞ்சிக் கோட்டை. 1698-இல் ஔரங்கசீப்பின் சேனை அதைப் பிடித்தது. வடக்கே ஆர்க்காட்டில் நவாப்புகள் அமர்ந்தார்கள். மொகலாய ராஜாங்கத்தின் வரிக் கணக்கும் பாரசீக வார்த்தைகளும் அவர்களோடு வந்தன. தாலுகா, ஜில்லா, தாசில்தார், ஜமாபந்தி, வசூல், பாக்கி, ஜப்தி, ரசீது, அசல், நகல், கஜானா, தஸ்தாவேஜு: இவற்றை யெல்லாம் பாரசீகம் என்று நினைத்து இன்று யார் பேசுகிறார்கள்? காய்கறிக்காரி "பாக்கி நாளைக்குத் தரேன், சாமி" என்கிறபோது அவள் நவாபின் கச்சேரி பாஷையைப் பேசுகிறாள்.

பிறகு சண்டைகள் வந்தன. 1767-இல் ஹைதர் அலிக்கும் ஆங்கிலக் கும்பினிக்கும் முதலில் செங்கத்திலும் பிறகு திருவண்ணாமலையிலும் யுத்தம் நடந்தது. 1790-இல் திப்பு வந்தார். 1801-இல் கர்நாடக ராஜ்யம் முழுவதும் கும்பினியின் கைக்குப் போயிற்று. கொடி மாறிக்கொண்டே இருந்தது, கணக்கு மாறவில்லை. வெள்ளைக்காரரும் பசலியிலேயே எழுதினார்கள். முன்னே ஆடி மாதத்தை ஒட்டித் தொடங்கிய பசலியை 1855-இல் ஜூலை முதல் தேதிக்குக் கொண்டுவந்து வைத்ததுதான் அவர்கள் செய்த மாற்றம். ஆடிப்பட்டம் தேடி விதை என்று சொல்கிற ஊரில், பயிர் வருஷம் அந்தச் சமயத்தில் பிறப்பது பொருத்தந்தான்.

கர்நாடக ராஜ்யம் என்றேனே, அந்தப் பெயருக்கும் இதே கதி நேர்ந்தது. "சுத்தக் கர்நாடகம்" என்று ஒருவரைச் சொன்னால் அவர் கன்னட தேசத்தார் என்று அர்த்தமில்லை; நாகரிகம் தெரியாத பழைய காலத்து ஆசாமி என்று அர்த்தம். ஆர்க்காட்டு நவாபின் ராஜ்யத்துக்குக் கர்நாடகம் என்று பேர். ராஜ்யம் போயிற்று, போன ராஜ்யத்தின் பெயர் பேச்சில் தங்கிப் பழமையின் பெயராயிற்று என்பது என் எண்ணம். பத்தாம்பசலியும் கர்நாடகமும் ஒரே வீட்டில் குடியிருந்த வார்த்தைகள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

தமிழில் பழமைக்கு வார்த்தைப் பஞ்சமே இல்லை. ஆனால் எதை எங்கே பிரயோகிப்பது என்பதில் நாம் வெகு ஜாக்கிரதையாக இருக்கிறோம். வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் பெண்ணுக்குக் கட்டுப்பெட்டி. எண்பது தடவை கேட்ட சிரிப்புக் கதைக்கு அரதப் பழசு. பேச்சு, நடை, உடைக்குக் கர்நாடகம். ஒரு மனிதரின் அபிப்பிராயத்துக்கும் அவர் விடாமல் வைத்திருக்கிற பழக்கத்துக்கும் பத்தாம்பசலி. கல்லுக்கு மட்டும் தொன்மை!

எங்கள் ஊர் ராஜகோபுரத்தைப் பாருங்கள். பதினோரு நிலை, 217 அடி. 1529-இல் மறைந்த கிருஷ்ணதேவராயர் தொடங்கி, தஞ்சை நாயக்கர் சேவப்பர் முடித்தது. ராயர் தொடங்கிய நாளில் அக்பர் பிறக்கவில்லை. வடக்கேயும் பசலி இல்லை, தெற்கேயும் பசலி இல்லை. நியாயப்படி பார்த்தால் பசலியைவிடப் பழசு இந்தக் கோபுரம். ஆனால் அதை அண்ணாந்து பார்த்து யாராவது "பத்தாம்பசலிக் கோபுரம்" என்று சொன்னதுண்டா? கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம். ஐந்நூறு வருஷத்துக் கோபுரத்துக்கு மரியாதை. ஐம்பது வயது மனிதருக்குப் பத்தாம்பசலி. இந்த வார்த்தை வயதை அளப்பதாகவே எனக்குத் தோன்றவில்லை. நமக்கு ரொம்பவும் சமீபத்தில் இருந்துகொண்டு, நாலு பேர் முன்னால் நமக்கு வெட்கத்தை உண்டாக்குகிறவர்களைத்தான் அது அளக்கிறது.

இவ்வளவுக்கும் பசலி செத்துப்போகவில்லை என்பதுதான் விசேஷம். இன்றும் தாலுகா கச்சேரியில் ஜமாபந்தி நடப்பது பசலிக் கணக்கில்தான். 2024 ஜூலையில் தொடங்கி 2025 ஜூனில் முடிந்த வருஷம் 1434-ஆம் பசலி என்றுதான் சர்க்கார் காகிதத்தில் இருக்கும். அறநிலையத் துறைக் கோயில்களின் வரவு செலவும் அப்படியே. கோயில் ஏல அறிவிப்பு ஒட்டியிருக்கிற பலகைப் பக்கம் போனால், 'பசலி' என்ற எழுத்தைக் கண்ணால் காணலாம். அதற்கு எதிரிலேயே நின்றுகொண்டு, கையில் இருக்கிற கருவியில் படம் பிடித்துக்கொண்டு, "இந்த ஊர் இன்னும் பத்தாம்பசலி" என்று யாராவது சொல்லிக்கொண்டும் இருக்கலாம்.

பசலி செத்துப்போகவில்லை என்பதை எனக்கு முதலில் காட்டியவள் எங்கள் கிராமத்துக் கிழவி ஒருத்தி. நான் உத்தியோகத்துக்குப் போன பிறகு, ஒரு லீவில் வீட்டுக்கு வந்திருந்தபோது நடந்தது. அவளுக்கு ஒரு ஏக்கர் மானாவாரிப் புஞ்சை. புருஷன் இறந்து பல வருஷம். நிலக் கணக்குகளைப் புதுப்பித்த காலத்தில் எப்படியோ அந்த நிலம் புருஷனுடைய அண்ணன் பெயரில் ஏறிவிட்டது. அண்ணன் இருந்தவரை ஒன்றும் பேசவில்லை. அவர் பிள்ளைகள் வேலி போட வந்துவிட்டார்கள்.

அவள் எங்கள் திண்ணையில் உட்கார்ந்து, "கணக்குப்பிள்ளை ஐயா, எங்கிட்ட ஒரு காயிதமும் இல்லீங்களே. நான் எதைக் காட்டுவேன்?" என்று அழுதாள்.

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். "அழாதே அம்மா. 1386-இல் உன் புருஷன் அதிலே மல்லாட்டை போட்டான். 1387-இல் கேழ்வரகு. 1388-இல் தரிசு, அந்த வருஷந்தானே ஏத்தத்திலே விழுந்து அவனுக்குக் காலொடிஞ்சுது? மூணு வருஷ அடங்கலிலும் அவன் பேரைத்தான் எழுதினேன். என் கையெழுத்து. போய் நகலுக்கு மனுப் போடு" என்றார். மனுவையும் அவரே எழுதினார். காசு வாங்கவில்லை.

கிழவி எட்டு மாதம் நடந்தாள். நகல் கிடைத்தது. அப்பா சொன்ன மூன்று பசலியிலும் அவர் சொன்னபடியே இருந்தது: மல்லாட்டை, கேழ்வரகு, தரிசு. பட்டா அவள் பெயருக்கு மாறியது. அவளுக்குக் காலொடிந்த வருஷம் ஞாபகம் இருந்தது; ஆங்கிலத் தேதி தெரியாது. கச்சேரிக்குத் தேதி வேண்டியிருந்தது, காலொடிந்தது தெரியாது. இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட நடுவில் ஒரு பத்தாம்பசலி தேவைப்பட்டார்.

அன்றைக்காவது நான் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். காலேஜ் நாளில் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று சொல்ல அதைவிட நல்ல சந்தர்ப்பம் எனக்கு வாய்த்திருக்காது. சொல்லவில்லை. நம் வீடுகளில் தகப்பனும் பிள்ளையும் அப்படியெல்லாம் பேசிக்கொள்கிற வழக்கம் இல்லை. "காப்பி ஆறிப் போகுதுப்பா" என்றேன், அவ்வளவுதான்.

அவர் 1428-ஆம் பசலி, ஆடி மாதம் காலமானார். ஒரு நாவலுக்காகப் பழைய வரிக் கணக்குகளைப் பற்றிப் படிக்க உட்கார்ந்து, பசலி 963-இலும் 1046-இலும் பிறந்த கதையை நான் தெரிந்துகொண்டது அதற்கு அடுத்த வருஷம். புஸ்தகத்தை மூடிவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பத்தாம் பசலி அடங்கல் என்று ஒன்று உலகத்திலேயே இல்லை! அப்பாவுக்கு அக்பர் சரித்திரம் தெரியாது. ஹிஜ்ரிக் கணக்கும் தெரியாது. கண்ணால் பார்த்த கணக்கை உண்டு என்பார். பார்க்காத கணக்கைப் பார்த்ததில்லை என்பார். கர்ணத்துக்கு வேறென்ன சரித்திரம் வேண்டும்?

கடைத்தெருவிலிருந்து திரும்பி வந்ததும் சாமான்களை இறக்கி வைத்தேன். துண்டுக் காகிதத்தில் எழுதியிருந்த பதினொன்றில் ஒன்றுகூட விட்டுப்போகவில்லை என்பதை இங்கே பதிவு செய்துகொள்கிறேன். பிறகு மகளைக் கூப்பிட்டு, "பத்தாம் பசலி அடங்கலை நான் பார்த்ததில்லை, அம்மா. உன்னிடம் இருந்தால் கொண்டுவா" என்றேன்.

"அடங்கல் என்றால் என்னப்பா?" என்று கேட்டாள்.

சொன்னேன். தாத்தாவைப் பற்றியும், கிழவியைப் பற்றியும், நான் நாலு பேர் முன்னால் சொன்னதைப் பற்றியும்கூடச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் விரலை மடக்கி ஏதோ கணக்குப் போட்டாள்.

"2010 ஏப்ரல் என்றால் 591-ஐத்தானே கழிக்க வேண்டும்? அப்படியானால் நான் 1419-ஆம் பசலி" என்றாள்.

கணக்கு சரியாக இருந்தது.